கயிறு இல்லாத காண்டாமிருகம்

(வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 12)

1515ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி. லிஸ்பன் நகரை ஒட்டித் தேஜு ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கோவாவிலிருந்து வந்த ஒரு போர்த்துகீசியக் கப்பல் நங்கூரம் பாய்ச்சியது. கப்பலின் பெயர் 'நொஸ்ஸா சென்யோரா ட அஜுடா'. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்து அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. மிளகும் லவங்கமும் சுமந்த கப்பல்கள் வந்து சேர்வது லிஸ்பன்வாசிகளுக்குப் பழகிப்போன காட்சி. ஆனால் அன்று இறங்கிய சரக்கை அவர்களில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அது நான்கு காலில் நடந்து இறங்கியது. அதன் மூக்கின் மேல் ஒரே ஒரு கொம்பு இருந்தது.

ரோமானியப் பேரரசு மறைந்த பிறகு ஐரோப்பிய மண்ணை உயிரோடு மிதித்த முதல் காண்டாமிருகம் அதுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர்களுக்கு அது ஏட்டில் மட்டுமே இருந்த மிருகம்.

சென்ற அத்தியாயங்களில் நடுக்கால ஐரோப்பாவின் விலங்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தோம். தன் மார்பைத் தானே கொத்தி, வழியும் ரத்தத்தால் குஞ்சுகளை உயிர்ப்பிக்கும் கூழைக்கடாவைக் கண்டோம். செத்துப் பிறந்து, மூன்றாம் நாள் தகப்பனின் மூச்சுப் பட்டு எழும் சிங்கக்குட்டியையும், கன்னிப்பெண்ணின் மடியில் தலைசாய்த்து வேடனிடம் பிடிபடும் ஒற்றைக்கொம்பனையும் கண்டோம். இந்த வாரம் நிஜமான ஒரு மிருகத்தைப் பின்தொடர்வோம். நாள், மாதம், துறைமுகம் என்று அதன் பயணம் முழுவதும் பதிவாகியிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் அதைக் கண்ணால் பார்த்தார்கள். அப்படியிருந்தும் அது ஒரு கற்பனை மிருகமாகவே ஐரோப்பாவின் மனத்தில் 200 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. அது எப்படி நடந்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

சுல்தானின் மறுப்பும் பரிசும்

கதை குஜராத்தில் தொடங்குகிறது. போர்த்துகீசிய இந்தியாவின் ஆளுநர் அல்போன்சோ டி அல்புகர்க்குக்கு தியு துறைமுகத்தின் மேல் ஒரு கண். அங்கே ஒரு கோட்டை எழுப்பிவிட்டால் அரபிக்கடல் வணிகத்தின் பிடி தன் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். 1514இல் குஜராத் சுல்தான் இரண்டாம் முஸாஃபர் ஷாவிடம் தூதர்களை அனுப்பி அனுமதி கேட்டார். சுல்தான் இடம் தர மறுத்துவிட்டார். (போர்த்துகீசியர்களுக்கு தியு கிடைத்தது 1535இல், அவருடைய மகன் பகதூர் ஷாவின் காலத்தில்.) ஆனாலும் வந்த தூதர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பரிசுகள் கொடுத்தே அனுப்பினார். அந்தப் பரிசுகளில் ஒன்று காண்டாமிருகம்.

அல்புகர்க் அதைக் கோவாவில் நிறுத்தி வைக்க விரும்பவில்லை. தன் மன்னர் முதலாம் மானுவலுக்கு அனுப்பிவைத்தார். மானுவல் யானைப் பிரியர். லிஸ்பனில் ஏற்கெனவே இந்தியாவிலிருந்து கொண்டுவந்த யானைகளை வைத்திருந்தார். நகரில் அவர் ஊர்வலம் போகும்போது அந்த யானைகளும் கூடப் போகும். கிழக்குக் கடல்களின் அதிபதி தானே என்று ஐரோப்பாவுக்குச் சொல்ல அவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. காண்டாமிருகம் வந்தால் அந்த ஊர்வலத்துக்கு ஈடு இணை இருக்காது.

1515 ஜனவரியில் கப்பல் கோவாவை விட்டுக் கிளம்பியது. மொசாம்பிக், செயின்ட் ஹெலினா, அசோர்ஸ் தீவுகள் வழியாக ஏறக்குறைய நான்கு மாதப் பயணம். இந்தியக் காண்டாமிருகம் சேற்றுக் குட்டையில் கிடந்து வாழும் பிராணி. வெயிலிலிருந்தும் பூச்சிக்கடியிலிருந்தும் அதன் தோலைக் காப்பாற்றுவது அந்தச் சேறுதான். நன்கு வளர்ந்த ஆண் இரண்டு டன்னைத் தாண்டும். அப்படிப்பட்ட ஒன்றை மரப்பலகைத் தளத்தில் நிறுத்தி, ஆடும் கடலில், குடிநீரை அளந்து ஊற்றும் கப்பலில், பூமத்திய ரேகையைத் தாண்டிப் போய் மறுபடியும் தாண்டி வரச் செய்து உயிரோடு கரைசேர்ப்பது சாதாரண வேலை இல்லை. அந்த வேலையைச் செய்தவர் கூடவே கப்பலேறிய ஒஸெம் என்ற இந்தியப் பராமரிப்பாளர். ஆவணங்களில் அவருக்குக் கிடைத்த இடம் ஒரு பெயர் அளவுதான். மன்னர்களையும் போப்பையும் ஓவியர்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும்போது அந்தப் பெயரையும் ஒரு முறை நிறுத்தி உச்சரிப்பது நம் கடமை என்று நினைக்கிறேன்.

முட்டி இல்லாத யானை

லிஸ்பனில் அந்த மிருகத்தைப் பார்த்தவர்கள் புதியதாக எதையும் பார்க்கவில்லை. தாங்கள் படித்திருந்ததைத்தான் தேடினார்கள். இதைப் புரிந்துகொள்ள அவர்கள் கையில் என்ன நூல்கள் இருந்தன என்று பார்க்க வேண்டும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி தொகுத்த 'இயற்கை வரலாறு', கிரேக்க மொழியில் எழுந்து ஐரோப்பா முழுவதும் பரவிய 'ஃபிசியோலோகஸ்', 7ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிதோர் எழுதிய கலைக்களஞ்சியம் ஆகிய மூன்றும்தான் நடுக்கால விலங்கறிவின் அடித்தளம். இவற்றிலிருந்து கிளைத்தவையே 12, 13ஆம் நூற்றாண்டுகளில், முக்கியமாக இங்கிலாந்தில், பொன் பூச்சோடும் வண்ணப் படங்களோடும் எழுதப்பட்ட விலங்குப் புத்தகங்கள். ஒவ்வொரு மிருகமும் கடவுள் மனிதனுக்காக எழுதி வைத்த ஒரு பாடம் என்பது அவற்றின் நம்பிக்கை. மிருகம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எதைக் கற்பிக்கிறது என்பதே அங்கே முக்கியம்.

யானைக்கு முழங்கால் மூட்டு கிடையாது என்று அந்தப் புத்தகங்கள் சொல்லின. அதனால் படுக்க முடியாதாம். மரத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்குமாம். வேடர்கள் அந்த மரத்தை முன்கூட்டியே பாதி அறுத்து வைப்பார்கள். யானை சாய்ந்ததும் மரம் முறியும், யானையும் விழும், எழுந்திருக்க முடியாது. விழுந்த ஆதாமுக்கும் அவனை எழுப்ப வந்த மீட்பருக்கும் உவமையாக இந்தக் கதையைப் பாதிரியார்கள் பிரசங்கத்தில் சொன்னார்கள்.

கோயில் யானை முன்காலை மடித்து வணங்குவதைச் சிறுவயதிலேயே பார்த்துவிடும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தின் ஒரு மடத்தில் இருந்த துறவிக்கு யானையைப் பார்க்கும் வாய்ப்பு வாழ்நாளில் ஒருமுறைகூட வராது. பார்க்க முடியாததைப் பற்றிப் பெரியவர்கள் எழுதி வைத்ததை நம்பினார்கள். இன்று நாமும் அணுவைப் பற்றியும் அண்டத்தைப் பற்றியும் அப்படித்தான் அறிந்து வைத்திருக்கிறோம். அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட்டால் இந்த வரலாறு நமக்கு எதையும் சொல்லாது.

வாய்ப்பு வந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். 1255இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு யானையைப் பரிசளித்தார். லண்டன் கோட்டையில் அதற்கென்று 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் கொட்டடி கட்டினார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவியும் வரலாற்றாசிரியருமான மேத்யூ பாரிஸ் அதை வரைந்தார். பக்கத்தில் பராமரிப்பாளரை நிற்க வைத்து, யானையின் உயரம் விளங்கும்படி வரைந்திருக்கிறார். அந்தப் படத்தில் யானைக்குக் கால்முட்டி இருக்கிறது.

அதே நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக், பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலை பற்றித் தாம் எழுதிய நூலில் இன்னொரு பழங்கதையைச் சோதித்தார். வடகடலில் மிதக்கும் மரங்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளுக்குள்ளிருந்து ஒருவகை வாத்து பிறக்கிறது என்பது கதை. அவர் அந்தச் சிப்பிகளை வரவழைத்துப் பார்த்தார். உள்ளே பறவையின் சாயலே இல்லை. அந்த வாத்துகள் மனிதர் போகாத வடக்கே கூடு கட்டுவதால், குஞ்சுகளை யாரும் பார்க்காமல் இப்படியொரு கதை கிளம்பியிருக்க வேண்டும் என்று எழுதினார்.

மார்கோ போலோவின் அனுபவம் வேறுவிதம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், சீனாவிலிருந்து திரும்பும் வழியில் சுமத்ரா தீவில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. அங்கே காண்டாமிருகத்தைப் பார்த்தார். தாம் பார்த்தது ஒற்றைக்கொம்பன் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அது இவ்வளவு அவலட்சணமாக, சேற்றில் புரண்டுகொண்டு இருக்கிறதே என்பதுதான் அவருடைய வருத்தம். கன்னிப்பெண் மடியில் தலைவைக்கும் மிருகம் என்று ஊரில் சொல்வது கொஞ்சமும் பொருந்தவில்லை என்று பதிவு செய்தார். அங்கிருந்து இலங்கை வழியாகப் பாண்டிய நாட்டுக்கு வந்தவர் அவர். கண்ணால் கண்டதை எழுதப் பழகிய பயணி. அவராலும் புத்தகத்தின் பெயரை விட்டுவிட முடியவில்லை. பெயரை வைத்துக்கொண்டு வர்ணனையை மட்டும் திருத்தினார்.

பிளினியைச் சோதித்த மன்னர்

காண்டாமிருகத்தைப் பற்றிப் பிளினி எழுதியிருந்தது இது: யானைக்கு அது பிறவிப் பகை. கொம்பைக் கல்லில் தீட்டிக்கொண்டு சண்டைக்குப் போகும். யானையின் வயிறு மென்மையானது என்று அறிந்து அங்கேதான் குத்தும்.

மானுவலிடம் இப்போது இரண்டு மிருகங்களும் இருந்தன. 1515 ஜூன் 3, திரித்துவ ஞாயிறு. ரிபெய்ரா அரண்மனை வளாகத்தில் ஒரு முற்றத்தை அடைத்து, மன்னர் குடும்பமும் பிரபுக்களும் சுற்றிலும் அமர, ஓர் இளம் யானையையும் காண்டாமிருகத்தையும் எதிரெதிரே விட்டார்கள். கூட்டத்தின் இரைச்சலிலேயே யானை மிரண்டது. காண்டாமிருகம் நிதானமாக நெருங்கி வந்ததும், தடுப்பை உடைத்துக்கொண்டு தன் கொட்டடிக்கு ஓடிவிட்டது. ஒரு குத்து விழவில்லை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

காண்டாமிருகம் வென்றது என்று தீர்ப்பாயிற்று. பிளினி சொன்னது சரி என்றும் ஆயிற்று. நடந்ததைத் திரும்ப யோசித்தால், அன்று நிரூபணமானது ஓர் இளம் யானையின் பயம் ஒன்றுதான். இந்திய ஆற்றுப்படுகைப் புல்வெளிகளில் இந்த இரண்டு மிருகங்களும் ஒரே நிலத்தைப் பகிர்ந்துதான் மேய்கின்றன. ஆனால் பழைய நூலைச் சோதிக்க வேண்டும் என்று ஓர் அரசருக்குத் தோன்றியதே, அது மறுமலர்ச்சிக் காலத்தின் குணம். சோதனையின் முடிவு நூலுக்குச் சாதகமாகவே வாசிக்கப்பட்டது நடுக்காலத்தின் குணம். இரண்டும் ஒரே முற்றத்தில், ஒரே மதியத்தில் சந்தித்தன.

நியூரம்பர்க்குக்கு வந்த காகிதம்

லிஸ்பனில் அப்போது ஜெர்மன் வணிகர்கள் பலர் இருந்தார்கள். வலென்ட்டிம் ஃபெர்னாண்டஸ் என்ற மொராவிய நாட்டு அச்சகக்காரர் காண்டாமிருகத்தை நேரில் பார்த்து, நியூரம்பர்க்கில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒரு வர்ணனையும் அதோடு ஒரு கோட்டுப் படமும் அந்த நகரத்தின் தலைசிறந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டூரரின் மேசைக்கு வந்து சேர்ந்தன.

டூரருக்கு விலங்குகள் மேல் தீராத ஆர்வம். 1502இல் அவர் வரைந்த முயலின் ரோமத்தைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். 1520இல் நெதர்லாந்துக்குப் பயணம் போயிருந்தபோது, ஜீலாந்து கடற்கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கடுங்குளிரில் அதைத் தேடிப் போனார். அவர் போய்ச் சேருவதற்குள் அலை அதை இழுத்துப் போய்விட்டது. அப்படிப்பட்டவருக்குக் காண்டாமிருகத்தைப் பார்க்கும் வாய்ப்பு அமையவே இல்லை. வந்த காகிதத்தை வைத்துப் பேனாவால் ஒரு படம் வரைந்தார். அது இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு அதை மரக்கட்டையில் செதுக்க ஏற்பாடு செய்தார்.

மரக்கட்டை அச்சு அந்தக் காலத்தின் மலிவான படத்தொழில். சமமாக இழைத்த பலகையில் ஓவியர் கோடுகளை இடுவார். செதுக்குபவர் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கெல்லி எடுப்பார். மேடாக நிற்கும் கோடுகளில் மை தடவிக் காகிதத்தை அழுத்தினால் படம் விழும். ஒரே கட்டையிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். டூரரின் காண்டாமிருகம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் அகலமும் 24 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட படம். மேலே ஜெர்மன் மொழியில் சில வரிகள் உண்டு. இது லிஸ்பனுக்கு வந்த மிருகம், ஆமையின் நிறம், யானை அளவு உடல், யானைக்கு எமன் என்று அந்த வரிகள் சொல்கின்றன. பிளினி அங்கேயும் வந்துவிட்டார். மிருகம் வந்து சேர்ந்த ஆண்டு 1513 என்று தவறாக அச்சாகியிருக்கிறது.

அந்தப் படத்தைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம். இந்தியக் காண்டாமிருகத்தின் தோலில் ஆழமான மடிப்புகள் உண்டு. டூரர் அந்த மடிப்புகளை உலோகத் தகடுகளாக்கிவிட்டார். தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று எனத் தனித்தனித் தகடுகள். தகடுகளின் விளிம்பில் தறையாணி அடித்தாற்போல் புள்ளிகள். கால்களில் பல்லியின் செதில்கள். பின்புறத்தில் ரம்பம் போன்ற பற்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கழுத்துக்குப் பின்னே முதுகின் மேல் திருகிய ஒரு சிறு கொம்பு. எந்தக் காண்டாமிருகத்துக்கும் அப்படியொரு கொம்பு கிடையாது. நியூரம்பர்க் போர்க்கவசத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். டூரரின் தகப்பனார் பொற்கொல்லர். உலோகத் தகட்டைப் பார்த்து வளர்ந்த கண்ணும் கையும், தெரியாத தோலை வரையும்போது தெரிந்த கவசத்தை நாடியதில் வியப்பில்லை. நீண்ட நாள் அடைபட்டுக் கிடந்ததில் அந்த மிருகத்துக்கு வந்த தோல்நோய்தான் செதிலாகவும் மேடாகவும் படத்தில் ஏறியிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.

ஓவியமாகப் பார்த்தால் அது ஓர் அற்புதம். அந்த மிருகத்தின் கனமும் கண்ணில் தேங்கிய சோகமும் பார்ப்பவரை விடாது. அதனால்தான் அது வென்றது.

இன்னொரு படம்

அதே 1515இல், நியூரம்பர்க்கிலிருந்து அதிக தூரமில்லாத ஆக்ஸ்பர்க் நகரில், ஹான்ஸ் புர்க்மையர் என்ற ஓவியரும் அதே காண்டாமிருகத்தை மரக்கட்டையில் அச்சிட்டார். அவரும் அதை நேரில் பார்த்தவர் இல்லை. அவருக்கும் லிஸ்பனிலிருந்து செய்தியும் படமும் கிடைத்திருந்தன.

புர்க்மையரின் மிருகத்துக்குக் கவசம் இல்லை. தோல் தோலாகவே மடிந்து தொங்குகிறது. முதுகில் கொம்பு இல்லை. இன்றைய விலங்கியலாளர் பார்த்தால், டூரரின் படத்தைவிட உண்மைக்கு நெருக்கமானது இதுதான் என்பார். முக்கியமான இன்னொரு வேறுபாடும் உண்டு. புர்க்மையரின் படத்தில் முன்னங்கால்கள் இரண்டும் சேர்த்துக் கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. பிடிபட்ட மிருகம், பரிசாகக் கைமாறிய மிருகம் என்பதை அந்தக் கயிறு மறைக்காமல் சொல்கிறது. டூரரின் காண்டாமிருகத்தின் காலில் எதுவும் இல்லை. அது தன் கவசத்தோடு, யாருக்கும் அடங்காத வீரனாக நிற்கிறது.

டூரரின் படம் அவர் உயிரோடிருந்த காலத்திலேயே 4,000 முதல் 5,000 பிரதிகள் வரை விற்றிருக்கும் என்பது கலை வரலாற்றாளர்களின் கணிப்பு. 1528இல் அவர் இறந்த பிறகும் அச்சு நிற்கவில்லை. கட்டையில் விரிசல் விழுந்து, புழு அரித்த துளைகள் தெரியும் நிலையிலும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். புர்க்மையரின் படத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போப்புக்கு இரண்டாவது பரிசு

மானுவலுக்குக் காண்டாமிருகத்தைவிட போப்பின் தயவு பெரிது. கிழக்கே கண்டுபிடிக்கும் கடலும் கரையும் போர்ச்சுகலுக்கே சொந்தம் என்று போப் முத்திரை வைத்தால்தான் ஸ்பெயினின் போட்டியைச் சமாளிக்க முடியும். ஏற்கெனவே, இந்தியாவிலிருந்து வந்த ஹன்னோ என்ற வெள்ளை யானையைத் திரிஸ்தாவ் ட குன்யாவின் தலைமையில் ரோமுக்கு அனுப்பியிருந்தார். 1514 மார்ச் 12இல், போப் பத்தாம் லியோ பார்த்திருக்க, ஹன்னோ மூன்று முறை மண்டியிட்டு வணங்கியது. பிறகு துதிக்கையில் நீரை உறிஞ்சிக் கர்தினால்கள் மேலும் கூட்டத்தின் மேலும் பீய்ச்சியது. அதே ஆண்டு நவம்பரில், ஆப்பிரிக்கா தொடங்கி இந்தியா வரை போர்ச்சுகல் அடையும் நிலங்களின் மேல் அதற்கு உரிமை தரும் ஆணையை லியோ வெளியிட்டார்.

யானைக்கு முழங்கால் கிடையாது என்ற நம்பிக்கை அன்றோடு, ரோம் நகரத்தின் கண்ணெதிரே, செத்திருக்க வேண்டும். சாகவில்லை. 130 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1646இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் பிரௌன் மக்களிடையே உலவும் தவறான நம்பிக்கைகளை மறுத்து ஒரு நூல் எழுதியபோது, விலங்குகள் பகுதியின் முதல் அத்தியாயமே யானையின் முழங்கால் பற்றியதாக இருந்தது.

ஹன்னோ கொடுத்த பலனைக் கண்ட மானுவல், 1515 டிசம்பரில் காண்டாமிருகத்தையும் ரோமுக்குக் கப்பலேற்றினார். கழுத்தில் பூவேலை செய்த பச்சை வெல்வெட் பட்டை கட்டினார்கள். 1516 ஜனவரி 24இல் மார்சேய் நகருக்கு எதிரே உள்ள ஒரு தீவில் கப்பல் நின்றபோது பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா வந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு, இத்தாலியின் வடமேற்குக் கரையில் போர்ட்டோவேனெரே அருகே, புயலில் கப்பல் மூழ்கியது.

காண்டாமிருகம் நன்றாக நீந்தும். பிரம்மபுத்திரா வெள்ளத்தில் அதன் இனம் நீந்திக் கரையேறுவதை இன்றும் காணலாம். ஆனால் தளத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த அந்த மிருகம் கப்பலோடு முங்கியது. குஜராத்திலிருந்து லிஸ்பன் வரை அதைத் தாங்கி வந்த உயிர், கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில், தளையால் போனது. டூரர் வரையாமல் விட்டதும் அந்தத் தளையைத்தான்.

ஹன்னோவும் அதிக நாள் வாழவில்லை. நோயுற்றபோது தங்கம் கலந்த பேதி மருந்து கொடுத்தார்கள். அதே 1516 ஜூன் 8இல் இறந்தது. அதன் நினைவாக ராஃபேல் சுவரோவியம் வரைந்தார். 1962இல் வத்திக்கானின் பெல்வெடெரே முற்றத்தில் வேலை செய்தவர்கள் தோண்டியபோது அதன் எலும்புகள் அகப்பட்டன.

படம் ஆண்ட காலம்

மிருகம் போய்விட்டது, படம் கிளம்பியது. 1544இல் வெளிவந்த செபாஸ்டியன் மூன்ஸ்டரின் உலக நூலிலும், 1551இல் சூரிச் அறிஞர் கொன்ராட் கெஸ்னர் வெளியிட்ட மாபெரும் விலங்கியல் நூலின் முதல் தொகுதியிலும் டூரரின் காண்டாமிருகம் இடம் பிடித்தது. கெஸ்னரின் அதே தொகுதியில் ஒற்றைக்கொம்பனுக்கும் படம் உண்டு. நேரில் பார்க்காமல் வரைந்த நிஜ மிருகமும், யாரும் பார்க்கவே முடியாத கற்பனை மிருகமும் ஒரே நூலில், ஒரே மாதிரி மரக்கட்டை அச்சில், சம மதிப்போடு வீற்றிருந்தன. வாசகனுக்கு எது எது என்று தெரிய வழியே இல்லை. பீசா பேராலயத்தின் வெண்கலக் கதவிலும் அந்தக் கவச மிருகம் முதுகுக் கொம்போடு ஏறியது.

இந்தக் காலம் முழுவதும் வேறு காண்டாமிருகம் வராமல் இல்லை. 1577இல் லிஸ்பனுக்கு வந்து பிறகு மாட்ரிட் போன 'அபாதா' என்ற பெண் காண்டாமிருகத்தைப் பார்த்துப் படம் எழுதி அச்சிட்டார்கள். அது டூரரின் படத்தை அசைக்கவில்லை. 1741இல் ஒரு டச்சுக் கப்பல் தலைவர் வங்காளத்திலிருந்து கொண்டுவந்த கிளாரா, பெர்லின், வியன்னா, பாரிஸ், வெனிஸ், லண்டன் என்று 17 ஆண்டுகள் ஐரோப்பாவைச் சுற்றியது. லட்சக்கணக்கான கண்கள் ஒரே மிருகத்தைப் பார்த்தன. 1749இல் பிரெஞ்சு ஓவியர் ழான் பப்திஸ்த் ஊத்ரி அதன் முழு அளவிலேயே ஒரு ஓவியம் தீட்டினார். அதற்குப் பிறகுதான் தகடுகளும் முதுகுக் கொம்பும் விலங்கியல் நூல்களிலிருந்து மெல்ல விலகின.

அச்சு வந்ததும் அறியாமை அகன்றது என்று வரலாற்றைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். இந்தக் காண்டாமிருகம் வேறொன்றைச் சொல்கிறது. கையெழுத்துப் பிரதிக் காலத்தில் ஒரு பிழை ஒரு மடத்திலிருந்து அடுத்த மடத்துக்குப் போகப் பல ஆண்டுகள் ஆகும். போகும் வழியில் பிரதி எடுப்பவர் கையில் அது உருமாறவும் செய்யும். அச்சுக்கட்டை அதே பிழையை, அதே கோட்டில், ஆயிரம் வீடுகளுக்கு ஒரே மாதிரி கொண்டுபோய்ச் சேர்த்தது. எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்ததால் அதுவே சாட்சியாயிற்று. பெரிய கலைஞரின் கையொப்பம் அதற்கு மேலும் வலுச்சேர்த்தது. பழைய நூலைக் கேள்வி கேட்கத் துணிந்த தலைமுறை, தான் அச்சிட்ட புதிய படத்தைக் கேள்வி கேட்க மறந்துவிட்டது. உண்மைக்கு நெருக்கமான படம் ஒரே ஒரு பிரதியாகச் சுருங்கியதற்கு அதில் பிழை இருந்தது காரணமில்லை. மக்கள் விரும்பிய மிருகம் அதில் இல்லை. கட்டுண்டு நின்ற ஒரு பிராணியைவிடக் கவசம் பூண்ட வீரனைத்தான் அவர்கள் சுவரில் ஒட்ட விரும்பினார்கள்.

கெஸ்னரின் நூலில் காண்டாமிருகத்தோடு இடம் பிடித்த ஒற்றைக்கொம்பனுக்குக் காண்டாமிருகத்துக்கு இல்லாத ஒரு பலம் இருந்தது. அதன் கொம்பு நிஜமாகவே கையில் இருந்தது. அரசர்களின் கருவூலங்களில், ஆறடிக்கும் மேல் நீளத்தில், திருகு விழுந்த வெள்ளைக் கொம்புகள் பொன்னைவிட விலை போயின. உணவில் விஷம் இருந்தால் அது காட்டிக்கொடுக்கும் என்று நம்பினார்கள். 1533இல் தன் குடும்பத்துப் பெண் கேத்தரின் பிரெஞ்சு இளவரசரை மணந்தபோது போப் ஏழாம் கிளெமென்ட் மன்னர் பிரான்சுவாவுக்கு அப்படியொரு கொம்பைத்தான் பரிசளித்தார். அந்தக் கொம்புகள் எந்தக் கடலிலிருந்து, யார் கை வழியாக வந்தன, 1638இல் ஒரு டேனிஷ் மருத்துவர் அந்த ரகசியத்தை எப்படி உடைத்தார் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)